ஹெல்மெட்டின் உட்புறம்

சிவப்பு எல்இடி ஒன்றை ஜன்னலோரம் பிடித்துப் பார்க்கிறேன். ஐந்து மில்லிமீட்டர் குமிழ். உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியதன் தலையில் சின்னதாக ஒரு குழி. குழிக்குள் மணல் பொடி அளவில் ஒரு படிகம். அதிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கம்பி ஒன்று வளைந்து சிறிய துண்டில் போய் இறங்குகிறது. வெளிச்சம் பிறப்பது அந்தப் பொடியில் மட்டும். குமிழ் அதைக் காக்கிறது, ஒரு பக்கமாகத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான்.

நெட்டைக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். கால்களை வெட்டிவிட்ட பிறகு அடையாளம் தேட வேண்டுமானால் குமிழின் அடிவிளிம்பைத் தடவிப் பார்க்கலாம். ஓரிடத்தில் வளைவு தட்டையாகியிருக்கும். அது மைனஸ் பக்கம். இருட்டிலும் விரலுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பொருளைச் செய்து வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

*

அக்கா மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. விண்வெளி வீராங்கனை வேடம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். ஹெல்மெட்டின் இரு பக்கமும் லைட் மாறி மாறி எரிய வேண்டும் என்பதும் அவள் முடிவுதான். அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது.

வீட்டில் பழைய பைக் ஹெல்மெட் கிடக்கிறதே, அதிலேயே துளை போட்டுவிடலாமே என்றார் அத்தான். வேண்டாம் என்றேன். பைக் ஹெல்மெட்டில் உயிரைக் காப்பது வெளி ஓடு மட்டுமல்ல, உள்ளேயிருக்கும் தெர்மோகோல் அடுக்கும்தான். விழும்போது அது நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. துளை போட்டாலோ சூடான பசையை ஊற்றினாலோ அந்த அடுக்கு கெட்டுப்போகும், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போட்டி முடிந்த பிறகு யாராவது அதையே மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார்கள்.

அதனால் காகிதம். பெரிய பலூனை ஊதி, செய்தித்தாளைக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைக்கிறோம். ஒரு அடுக்கு நன்றாகக் காயாமல் அடுத்ததை ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பசையில் வெந்தயம் அரைத்துச் சேர்த்தேன். காகிதக்கூழில் கூடையும் முறமும் செய்கிற பெண்கள் சேர்ப்பதுதான். பூச்சி அண்டாது என்பார்கள். ஹெல்மெட் முழுக்க வெந்தய வாசனை. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

*

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கச் சென்னையில் எல்லோரும் போகிற இடம். எல்இடி என்று கேட்டவுடன் கடைக்காரர் திருப்பிக் கேட்டார், "கிளியரா, டிஃப்யூஸ்டா, அக்கா?" சரியான கேள்வி. கிளியர் குமிழ் வெளிச்சத்தை நேர்கோட்டில் குத்தும். எதிரே நிற்பவர் கண் கூசும், இரண்டடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. டிஃப்யூஸ்ட் குமிழ் பால் கலந்தது போலிருக்கும், எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். கூட்டத்துக்கு நடுவே நடந்துபோகிற குழந்தைக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

ரெசிஸ்டர் வாங்கும்போது கண்ணை நிதானமாக வைத்துக்கொள்ள வேண்டும். நீலம், சாம்பல், பழுப்பு என்றால் 680 ஓம். நீலம், சாம்பல், ஆரஞ்சு என்றால் 68,000 ஓம். மூன்றாவது பட்டையில் ஒரு நிறம் மாறினால் நூறு மடங்கு. எனக்கு இரண்டுமே தேவை. ஒன்று வெளிச்சத்தின் அளவைத் தீர்மானிக்கும், மற்றது நேரத்தை. மஞ்சள் விளக்கடியில் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் பகலில்தான் பிரித்து வைக்கிறேன்.

பட்டன் செல் வேண்டுமா என்றும் கேட்டார். சிறியது, எடையே இல்லாதது, ஹெல்மெட்டுக்கு வசதிதான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருக்கிறது. பட்டன் செல்லை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோகும் அளவுக்குப் புண்ணாக்கிவிடும். நான்கு டிரிபிள் ஏ பேட்டரியும் திருகு மூடி போட்ட ஒரு பெட்டியும் போதும். நான்கும் சேர்ந்து ஐம்பது கிராமுக்குள். அதைப் பின்மண்டையில் வைத்தால் முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியின் கனத்துக்கு ஈடாகும், கழுத்து முன்பக்கம் சாயாது.

*

இந்த வெளிச்சம் சுடாது. காகிதத்தில் செய்ததை ஒரு குழந்தையின் தலையில் வைத்து அதற்குள் விளக்கேற்ற நான் துணிவதே அதனால்தான். டார்ச் பல்பு போட்டிருந்தால் ஒவ்வொன்றும் தொட்டால் சுடும்.

படிகத்திலிருந்து சுடாத வெளிச்சம் வரும் என்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஒலெக் லோசெவ். 1907-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி ரவுண்டும் சிலிக்கன் கார்பைடு படிகத்தில் மின்சாரம் பாயும்போது மினுங்குவதைப் பார்த்து, சிறு குறிப்பாக எழுதிவிட்டுக் கடந்துபோனார். லோசெவ் கடந்துபோகவில்லை. 1920-களில் சோவியத் ரஷ்யாவின் ரேடியோ ஆய்வகத்தில் வேலை பார்த்த இளைஞர் அவர். படிகத்தின் மேல் பென்சீன் துளி ஒன்றை வைத்து, வெளிச்சம் வரும்போது அது வேகமாக ஆவியாகிறதா என்று பார்த்தார். ஆகவில்லை. சூட்டினால் வரும் ஒளியல்ல இது என்று தெரிந்துகொண்டார். எவ்வளவு எளிய சோதனை. ஒரு துளி, ஒரு புள்ளி வெளிச்சம், காத்திருக்கும் ஒரு மனிதர். 1942-இல், லெனின்கிராட் முற்றுகையில், பசியால் இறந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை ஜெனரல் எலெக்ட்ரிக்கில் நிக் ஹோலன்யாக் செய்தது 1962-இல். நீலத்துக்கு இன்னும் முப்பது வருஷம் பிடித்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் கொடுத்தார்கள். என் கையிலிருப்பது ஹோலன்யாக்கின் நிறம். ஒன்று ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ. காகிதத்தில் கொட்டித்தான் கொடுத்தார்கள். பட்டினியில் போன அந்த மனிதருக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

*

விட்டு விட்டு எரிய வைப்பது 555 என்கிற எட்டுக் கால் சில். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்தது, மறு வருஷம் சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தனை வருஷம் கழித்தும் கடையில் பெயர் சொன்னவுடன் எடுத்து நீட்டுகிறார்கள்.

அது வேலை செய்யும் விதத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே எனக்கு ஒரு தியானம். பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர். குடத்தில் நீர் ஏறுவது போல அதில் மின்னழுத்தம் ஏறுகிறது. பேட்டரியின் அளவில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் சில் வடிகாலைத் திறந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மூடிவிடுகிறது, மறுபடி ஏறுகிறது. முழுக்க நிரம்புவதும் இல்லை, முழுக்கக் காலியாவதும் இல்லை. 68,000 ஓம் ரெசிஸ்டரும் பத்து மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நொடி.

இந்த மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்ற எல்லைகளைப் பிரித்துக் கொடுப்பது சில்லுக்குள் வரிசையாக இருக்கும் மூன்று சம ரெசிஸ்டர்கள். எல்லை எல்லாமே பங்குக் கணக்கு, நிலையான வோல்ட் கணக்கு கிடையாது. அதனால் பேட்டரி களைத்துப் போகும்போது எல்லைகளும் கூடவே இறங்குகின்றன, ஏறி இறங்கும் நேரம் மாறுவதில்லை. வெளிச்சம் மங்கும், தாளம் தளராது. சாகக் கிடக்கிற பேட்டரியிலும் அதே ஒரு நொடி. இதைப் புரிந்துகொண்ட அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இடப்பக்க விளக்குகளை பிளஸ்ஸுக்கும் சில்லின் வெளிவாய்க்கும் நடுவில் இணைக்கிறேன். வலப்பக்கத்தை வெளிவாய்க்கும் மைனஸ்ஸுக்கும் நடுவில். ஒரு பக்கம் எரிந்தால் மறு பக்கம் அணையும், தனியாக ஒரு சில் தேவையில்லை. ஒரு சின்ன நியாயம் மட்டும் பார்க்க வேண்டும். இந்தச் சில் மேலே தள்ளும்போது ஒன்றரை வோல்ட் போலத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கீழே இழுக்கும்போது அப்படிச் செய்யாது. அதனால் இடப்பக்கம் 680 ஓம், வலப்பக்கம் 470. அப்போதுதான் இரண்டு கன்னமும் ஒரே அளவில் எரியும்.

*

"இன்னும் ஸ்பீடா வை சித்தி. பட பட பட-ன்னு."

மாட்டேன். இதில் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதாக இல்லை. 1997 டிசம்பர் 16-ஆம் தேதி ஜப்பானில் போகிமான் கார்ட்டூனின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை போல மாறி மாறி வந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளில் அறுநூறு பேருக்கும் மேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலருக்கு வலிப்பு. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் திரையில் காட்டாதீர்கள் என்று வலைப்பக்கம் செய்கிறவர்களுக்கே விதி இருக்கிறது. பள்ளி மேடைக்கு முன்னால் எத்தனை குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கு என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். ஒரு நொடிக்கு ஒரு முறை போதும். பார்ப்பவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

*

தெருக்கூத்தின் கிரீடங்களை நினைத்துக்கொள்கிறேன். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள், அவ்வளவு லேசான மரம். விடிய விடியத் தலையில் தாங்க வேண்டுமே. அதன் மேல் வண்ணத் தாள், ஜிகினா, கண்ணாடிச் சில்லுகள். துரியோதனன் நுழையும்போது பந்த வெளிச்சமோ பெட்ரோமாக்ஸோ அந்தச் சில்லுகளில் பட்டுத் தெறிக்கும். அந்த மினுக்கம் முழுக்க ஆடுகிறவரிடமிருந்து வருவது. அவர் சுழன்று ஆடினால் கிரீடம் பொறி பறக்கும், நின்றால் அடங்கிவிடும்.

எங்கள் ஹெல்மெட் அப்படியில்லை. போட்டிருப்பவர் அசையாமல் நின்றாலும் அது தன் கணக்கில் மின்னிக்கொண்டிருக்கும். எது உயர்வு என்று ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவளிடம் ஒன்று சொன்னேன்: லைட் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், நீ நிதானமாக நட. விண்நடையில் யாரும் ஓடுவதில்லை. வீட்டுக் கூடத்தில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து பழகுகிறாள். நன்றாக வருகிறது.

*

மிச்சம் இருப்பதெல்லாம் உட்புற வேலை. நேரம் அதிகம் பிடிப்பதும் அதுதான்.

கால்களை ஒட்ட வெட்டிய பிறகு ஊசிபோல முனை நிற்கும். ஈயம் வைத்த இடம் ஒவ்வொன்றிலும் முள் மாதிரி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும். எதுவும் தலையில் படக்கூடாது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்குகிறேன். ஒற்றைக் கம்பி வயரைத் தவிர்த்துவிட்டு, பல இழை வயராகத்தான் எடுத்தேன். ஒற்றைக் கம்பி நான்கு தடவை வளைந்தால் உள்ளுக்குள்ளேயே முறிந்துபோகும், மேலே தோல் அப்படியே இருக்கும். சென்னை வெயிலில் பத்து நிமிஷத்தில் வேர்வை இறங்கும். உப்புத் தண்ணீர் செம்பை அரிக்கும். அதனால் ஈயம் வைத்த இடங்களில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு.

வெளிச்சம் உள்ளே கசியக்கூடாது. எல்இடியின் முதுகிலிருந்தும் ஒளி வரும், காகிதச் சுவர் வழியாகவும் ஊறும். உள்ளே சிறிது கசிந்தாலும் முன்னாலிருக்கும் பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்பும், அவளுக்குப் படிக்கட்டு தெரியாது. ஒவ்வொரு விளக்கின் முதுகுக்கும் கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரு தொப்பி வைத்து, சுவர் முழுக்கக் கறுப்புப் பூசுகிறேன். சினிமாவில் விண்வெளி ஹெல்மெட்டுக்குள் முகத்தைப் பார்த்து விளக்கு எரியும். நடிப்பவர் முகம் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நிஜமாக விண்ணில் நடப்பவர்களுக்கு விளக்கு ஹெல்மெட்டுக்கு வெளியே, இரண்டு பக்கமும், அவர்கள் கையை நோக்கி. அவர்களுக்கு வேலை தெரிய வேண்டும்.

பஞ்சும் பழைய வேட்டித் துணியும் வைத்து உள்ளே மெத்தை தைக்கிறேன். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டினால் காதுக்குப் பின்னால் இரண்டு முடிச்சு நிற்கும். அவற்றுக்கு இடம் விட்டு மெத்தையை வளைக்க வேண்டியிருந்தது. தாடைக்குக் கீழே கை போகும் அளவு திறந்தே இருக்கிறது, காற்றுக்கு.

ஊசி ஏறி இறங்கும்போது லூகா பார்மிட்டானோவை நினைத்துக்கொண்டேன். இத்தாலிய விண்வெளி வீரர். 2013 ஜூலை 16 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியது. எடையற்ற இடத்தில் தண்ணீர் கீழே வடியாது. பின்மண்டையிலிருந்து படர்ந்து கண்ணை மூடியது, காதை மூடியது, மூக்குக்குள் ஏறியது. ஒரு லிட்டருக்கு மேல். பார்வை போன பிறகு, தன்னைக் கட்டியிருந்த கயிற்றின் இழுவையை வைத்தே வழி கண்டுபிடித்துக் கதவுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு ஹெல்மெட்டுக்குள் இரண்டு பொருள் சேர்த்தார்கள். தண்ணீரை உறிஞ்ச பின்தலையில் ஒரு பஞ்சுத் திண்டு. வாயருகே, தண்ணீர் சூழ்ந்தாலும் உடையின் வேறு பகுதியிலிருந்து காற்று இழுத்துக்கொள்ள ஒரு குழாய். உலகத்திலேயே பெரிய பொறியாளர்கள் கடைசியில் வந்து நின்றது ஒரு திண்டிலும் ஒரு குழாயிலும்.

*

போட்டுப் பார்த்தாள். சுவிட்சைத் தட்டினேன். இடம், வலம், இடம், வலம். கூடத்துச் சுவரில் சிவப்பு ஊறி ஊறி மறைந்தது. அக்கா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

உள்ளேயிருந்து குரல், "சித்தி, எரியுதா?"

எரிகிறது என்றேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலயே."

அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. கசிவு இல்லை, கூசவில்லை, குத்தவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை. சூடு? இல்லை. இடப்பக்கம் முடிச்சு அழுந்துகிறதா? கொஞ்சம். அந்த இடத்தில் பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும்.

"எரியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. மேடையில் நிற்கும்போது அணைந்துபோனால் அவளுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான ஓம் போட்டு, தாடை ஓரத்தில் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி வைக்கலாமா என்று யோசித்தேன். ஒரு கண்ணோரத்தில் மட்டும் தெரிகிற அளவு. காரில் இண்டிகேட்டர் போட்டால் ஓட்டுகிறவருக்கு முன்னாலும் ஒரு பச்சை அம்பு துடிக்கிறதே. வைத்துக் காட்டினேன். கண்ணாடியில் எதிரொளிக்கிறதா என்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தோம். இல்லை. இருக்கட்டும் என்றாள்.

*

பள்ளியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. போட்டி காலை பத்து மணிக்கு, மைதானத்தில், ஷாமியானா மேடைக்கு மட்டும்தான். நேர் வெயிலில் ஆறு மில்லிஆம்பியர் சிவப்பு யாருக்கும் தெரியாது.

மின்சாரத்தைக் கூட்டலாம். 680-ஐ 330 ஆக்கினால் இரு மடங்கு பாயும், எல்இடி தாங்கும், பேட்டரியும் ஒரு நாளைக்குத் தாங்கும். ஆனால் வெயிலோடு போட்டி போட அது போதாது. கறுப்பு ஸ்ட்ராவை அரை அங்குலமாக வெட்டி ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் நிறுத்தினால் நிழல் கிடைக்கும். நேர் எதிரே இருப்பவருக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே செய்கிறேன்.

அதோடு ஒரு சிவப்புக் கோடு. அப்பல்லோ நாளிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு. நிலவில் இரண்டு பேர் ஒரே வெள்ளை உடையில் நின்றால் படத்தில் யார் யார் என்று தெரியவில்லை என்று, கமாண்டரின் ஹெல்மெட்டிலும் கையிலும் காலிலும் சிவப்புப் பட்டை போட்டார்கள். இன்றும் விண்நடையில் ஒருவருக்கு அந்தப் பட்டை இருக்கும். பேட்டரி வேண்டாம், வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இதை அவளிடம் சொன்னேன். கமாண்டர் என்ற சொல்லில் நிமிர்ந்தாள்.

"அப்போ கோடு போடு சித்தி. லைட்டும் இருக்கட்டும். மேடைக்கு மேல நிழல்தானே?"

மேடை மேல் நிழல்தான். சிவப்பு இன்சுலேஷன் டேப் தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும், கூடவே ஒரு பொட்டலம் ஸ்ட்ரா.